சந்திரன் தலையில் போட்ட பழி

எங்கள் சந்தில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் கிடையாது. மலையாளிகளுக்கெல்லாம் சேச்சி, எனக்கு அக்கா. போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். பேரை இங்கே எழுதினாலும் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. “டீச்சருக்கு இன்னைக்குச் சந்திராஷ்டமமா இருக்கும், பாவம்” என்று என்னைச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருப்பார். அதுதான் அக்கா. ஊரில் எவன் என்ன அக்கிரமம் செய்தாலும் பழி மட்டும் சந்திரன் தலையில்.

காலையில் பல் தேய்த்ததும் அவருக்கு முதல் வேலை தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது. கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரிக் கடைகளில் மலையாளக் காலண்டர்தான் கிடைக்கும், அதில் அக்காவுக்கு வேண்டியது இருக்காது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒரே மகன் ஒவ்வொரு ஜனவரியும் அங்கிருந்து ஒன்று வாங்கிக்கொண்டு வந்து மாட்டிவிட்டுப் போவான். தாளின் அடியில், ராகுகாலம் எமகண்டத்துக்கெல்லாம் கீழே, இன்றைக்கு எந்த நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம் என்று பொடி எழுத்தில் இருக்கும். பிறந்த ராசிக்கு எட்டாவது ராசியில் சந்திரன் நிற்கிற நாள். அன்றைக்கு மனசு நிலையில் இருக்காது, வாய் தடுமாறும், சண்டை வரும் என்று நம் ஆட்களுக்கு ஒரு பயம். மற்றவர்கள் அந்த இடத்தில் தங்கள் நட்சத்திரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அக்கா ஊரார் நட்சத்திரத்தைப் பார்ப்பார். இன்றைக்கு யாரையெல்லாம் மன்னிக்க வேண்டியிருக்கும் என்று காலையிலேயே தெரிந்துவைத்துக்கொள்வார்.

அதற்காகவே சந்துக்குப் புதிதாக யார் குடிவந்தாலும் நட்சத்திரம் கேட்டுவிடுவார். நட்சத்திரம் இல்லாத ஆட்களுக்கு அவரே ஒன்று கொடுத்தும் விடுவார். வைப்பின் தீவிலிருந்து படகில் மீன் கொண்டுவருகிறவள் கிறிஸ்தவள், நாள் நட்சத்திரம் பார்க்கிற வழக்கம் இல்லை. அவள் கோபத்தைப் பார்த்து ஆயில்யம் என்று வைத்திருந்தார். சைவமான அக்கா மீன்காரியோடு சண்டை போட என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். வாசலில் செதிலைக் கழுவி ஊற்றிவிட்டுப் போவாள். நான் கத்துவேன். அக்கா காலண்டரைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாளித் தண்ணீர் விட்டுக் கூட்டித் தள்ளுவார்.

தன் நட்சத்திரத்தை மட்டும் பார்க்க மாட்டார். ரேவதி. உங்களுக்கு எப்போ அக்கா சந்திராஷ்டமம் வரும், அன்றைக்காவது யார் மேலாவது எரிந்து விழுங்களேன் என்று ஒருமுறை சொன்னேன். எனக்கு வந்தா யாரு சமைக்கிறது என்று கேட்டார்.

அவர் புருஷன் உயிரோடு இருந்த காலத்தில்தான் நான் கல்யாணமாகி நாகர்கோவில் பக்கத்திலிருந்து இந்தச் சந்துக்கு வந்தேன். ஒரே சுவருக்கு அந்தப்பக்கம் அவர்கள் வீடு. மனிதர் பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் வேலை பார்த்தார். சாயங்காலம் வந்தால் தட்டு பறக்கும். சத்தம் கேட்டு நான் சுவரோரம் போய் நிற்பேன். மறுநாள் அக்கா நெளிந்த தட்டை அம்மிக்குழவியால் தட்டிச் சரிசெய்துகொண்டே, அவருக்கு நேத்து எட்டுல சந்திரன் என்பார்.

எனக்குப் பொறுக்காது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறவள் நான். சந்திரன் பன்னிரண்டு ராசியையும் இருபத்தேழு நாளில் சுற்றி முடிக்கிறது, ஒரு ராசியில் நிற்பது ரெண்டேகால் நாள், மாசத்தில் ரெண்டேகால் நாள்தானே உங்கள் கணக்கே, உங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் முப்பது நாளும் எட்டிலேயே நிற்கிறதா என்று கேட்டேன்.

“ரெண்டேகால் நாளு எட்டுல நிக்கும். மிச்ச நாளு அதோட அலுப்பு இருக்கும்ல டீச்சரே” என்றார்.

புராணமும் அவர் கையில் அப்படித்தான் திரும்பும். தட்சன் தன் இருபத்தேழு பெண்களையும் சந்திரனுக்குக் கட்டிக்கொடுத்தான், அவன் ரோகிணியிடமே கிடந்தான், மற்றவர்கள் போய் அப்பாவிடம் அழ, நீ தேய்ந்து போ என்று மாமனார் சாபம் விட்டான். இருபத்தேழு பேரைக் கட்டி ஒருத்தியிடம் பிரியமாக இருந்தவனுக்கே சாபம் என்றால், ஒருத்தியைக் கட்டி அவளையும் பார்க்காத ஆம்பளைக்கு என்ன சாபம் என்று நான் கேட்பேன். அக்கா சந்திரனுக்குத்தான் உச்சுக் கொட்டுவார். ஏற்கெனவே சாபம் வாங்கினவன், நாம இன்னொரு பழி போட்டா அவனுக்கு என்ன கனக்கவா போகுது, மனுசங்க மேல போட்டாத் தாங்க மாட்டாங்க என்பார். அவர் பழக்கத்துக்கு அவர் சொன்ன ஒரே காரணம் இதுதான்.

மூன்றாம் பிறையைத் தவறவிட மாட்டார். அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் சாயங்காலம் மொட்டை மாடியில் மேற்கே பார்த்து நிற்பார். பின்பக்கத்து வீடு ஹோம்ஸ்டே ஆகி மூன்றாவது மாடியும் தகரக் கூரையும் எழும்பியபிறகு மேற்கு மறைந்துபோனது. அதற்கும் ஒரு சொல் இல்லை. சந்து முனைவரை நடந்துபோய், ஆட்டோக்களுக்கு ஒதுங்கி நின்று பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருவார். மறுநாள் சாயங்காலம் தலையைத் தூக்கவே மாட்டார். நாலாம் பிறையைப் பார்த்தால் நாய் படாத பாடு என்று பயம். குனிந்தபடியே துணி எடுக்க மாடிக்குப் போய் ஒருமுறை தண்ணீர்த் தொட்டியில் நெற்றியை இடித்துக்கொண்டார். பார்க்காமலே பாடு வந்துவிட்டதே என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

சிரிப்பு வராத விஷயம் தண்ணீர்.

கொச்சியில் சந்திரன் வானத்தில் மட்டும் இருப்பதில்லை, வீட்டுக்குள்ளும் வரும். சந்திரன் இழுக்கிற இழுப்பில் கடல் ஏறும், இறங்கும், இது எங்கும் உள்ளதுதான். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சூரியனும் அதோடு ஒரே நேராக நின்று இழுப்பதால் ஏற்றம் கூடும். அந்த இரண்டு நாளையும் இங்கே வாவு என்பார்கள், ஏறுகிற தண்ணீரை வேலியேற்றம் என்பார்கள். முன்பெல்லாம் கால்வாய் விளிம்போடு நின்றுவிடும். இப்போது சில வருஷமாக, அதுவும் கார்த்திகை மார்கழியில், விடிகாலையில் கால்வாய் நிறைந்து சந்துக்குள் வந்து வாசல்படியைத் தாண்டிவிடுகிறது. உப்புத் தண்ணீர். தரை ஓட்டின் இடுக்கிலிருந்தும் ஊறிவரும். சந்திலேயே தாழ்ந்த வீடு அக்காவுடையது.

வாவுக்கு முந்தின நாளே வேலையைத் தொடங்கிவிடுவார். அரிசி டப்பா மேலே, காஸ் சிலிண்டர் பெஞ்சு மேலே, பிரிட்ஜ் எப்போதுமே ஹாலோ பிளாக் கல் மேலே. கட்டிலின் நாலு காலுக்கும் அப்படித்தான். அந்தக் கட்டிலில் ஏற வர வர அவருக்கு ஒரு முக்காலி தேவைப்பட்டது. தண்ணீர் வந்து, மத்தியானத்துக்குள் பின்பக்கத்துக் கானா வழியாக, சாக்கடைக்கு இங்கே கானா என்றுதான் பேர், கால்வாய்க்கே திரும்பிவிடும். பிறகு உப்பு போகக் கழுவ வேண்டும். கதவின் அடிப்பக்கம் பொடிந்து உதிர்ந்துவிட்டது. துளசி மூன்று தடவை கருகிப் போயிற்று. கால் விரலிடுக்கில் புண் ஆறுவதற்குள் அடுத்த வாவு வந்துவிடும். மாசத்துக்கு இரண்டு முறை வீட்டையே தூக்கி வைத்து இறக்கினால் எந்த உடம்பு தாங்கும்? புருஷன் போனபிறகு தனி ஆள் வேறு. நான் ஒரு கை பிடிப்பேன், எனக்கும் இடுப்பு போய்விட்டது. இரண்டு கிழடுகளும் சிலிண்டரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி நிற்போம்.

நம் ஆட்கள் நிலாவில் வண்டியை இறக்கினதை என் வீட்டு டிவியில் பார்த்தோம். அங்கே தண்ணீர் இருக்கிறதா என்று தேடப் போயிருக்கிறார்கள் என்றேன். இங்கேருந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு டீச்சரே, என் அடுக்களையிலேயே நிறைய இருக்கு என்றார். நிலா வருஷத்துக்கு இரண்டு விரற்கடை பூமியைவிட்டுத் தள்ளிப் போகிறது என்றும் அன்றைக்குத்தான் சொன்னேன். “பாவம், அதுக்கும் அலுத்துப்போச்சு போல” என்றார்.

மகன் நல்லவன். இதை நான் இப்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஞாயிறுதோறும் சாயங்காலம் போன் பண்ணுவான். வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்து இரு, இந்தத் தண்ணியிலே கிடந்து சாகாதே என்பது எல்லா வாரமும் வருகிற பேச்சு. அக்காவுக்குப் போக மனமில்லை. சீர்வரிசையோடு வந்து இறங்கின வீடு, தட்டு பறந்தாலும் தன் தட்டு. அங்கே மருமகளுடைய அடுக்களையில் ஓரமாக நிற்க வேண்டும். தண்ணி வரும், போயிரும், நான் பார்த்துக்குவேன் என்பார். அவன் சில நாள் வெடுக்கென்று வைத்துவிடுவான். சில வாரம் போனே வராது. உடனே காலண்டர். அவனுக்குச் சுவாதி, துலாம் ராசி. தேடித் தேடி, எட்டில் சந்திரன் இல்லாவிட்டால் நேற்று இருந்தது, நாளைக்கு வரப்போகிறது என்று எப்படியாவது மகனை விடுதலை செய்துவிடுவார்.

நிலாவில் வண்டி இறங்கின வருஷம் தீபாவளிக்கு வந்தவன் இரண்டு நாள் இருந்தான். புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டான். கட்டில் கல்லை மாற்றி வைத்தான். போகும்போது என்னிடம், அம்மாவுக்கு நீங்களாவது சொல்லக்கூடாதா டீச்சர் என்றான். கண் கலங்கியிருந்தது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

கார்த்திகை வாவுக்குத் தண்ணீர் வந்தது. போகவில்லை. முன்னறையில் வடிந்தது, அடுக்களையிலும் பின்னறையிலும் கணுக்கால் அளவு நின்றுவிட்டது. அடுத்த நாளும் நின்றது. இந்த வாவு ரொம்பப் பலமா இருக்கு டீச்சரே, சந்திரன் பக்கத்துல வந்திருக்கான் போல என்றார் அக்கா. இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். பக்கத்தில் வருகிற மாசம் ஏற்றம் கூடத்தான் செய்யும். அவர் அந்தத் தண்ணீருக்குள்ளேயே நின்று சமைத்தார். மகன் போன் பண்ணினபோது தண்ணீர் இறங்கிவிட்டதா என்று கேட்டிருக்கிறான். இல்லை என்றதும் பார்த்தியா, நான் சொன்னேனே என்றானாம். முதல் தடவையாக அக்கா என்னிடம், தோத்துட்டேன் போல டீச்சரே, போயிரலாமா என்று கேட்டார். முகம் வீங்கியிருந்தது. போங்க அக்கா என்று சொல்வதற்குப் பதிலாக நானும் ஒரு வாளியை எடுத்து அள்ள ஆரம்பித்தேன்.

பௌர்ணமி கழிந்த எட்டாம் நாள் வைக்கத்தஷ்டமி. வைக்கம் கோயிலுக்கு நாங்கள் இரண்டு பேரும் வருஷா வருஷம் பஸ்ஸில் போவோம். அன்றைக்கு நான் புடவை கட்டிக்கொண்டு போய்க் கூப்பிட்டால், அக்கா அடுக்களையில் பிளாஸ்டிக் முறத்தால் தண்ணீரை அள்ளி வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் எப்படி வர, இதைப் பாரு என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. இன்றைக்கு அஷ்டமி. பாதி நிலா. சந்திரன் ஒரு பக்கம் இழுக்க, சூரியன் குறுக்கே வேறு பக்கம் இழுக்க, கடல் எழும்பாமல் சோம்பிக் கிடக்கிற நாள். கால்வாயில் தண்ணீர் விளிம்புக்கு வெகு கீழே கிடந்ததைக் காலையில் பால் வாங்கப் போனபோது பார்த்திருந்தேன்.

“அக்கா, சந்திரன் கொண்டுவந்தா சந்திரனே திருப்பிக் கொண்டுபோயிரும். அதுக்கு வேற வழி தெரியாது. இது வேற யாரோ செஞ்ச வேலை” என்றேன்.

அவர் முறத்தைக் கீழே வைத்தார். கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். கானா வெளியே போகிற வாயைக் காணவில்லை. சிமென்ட் பூசி அடைத்திருந்தது. அதன் மேல் ஹோம்ஸ்டேக்காரர் வரிசையாகப் பூந்தொட்டி வைத்திருந்தார்.

நான் விடுவேனா? அக்காவை இழுத்துக்கொண்டு அவர் வாசலுக்கே போனேன். படிக்கட்டைக் கழுவிக்கொண்டிருந்த மனிதர் எங்களைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார், சாயா எடுக்கட்டுமா என்றார். எங்களோடு பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசுகிறவர். கானாவை ஏன் அடைத்தீர்கள் என்று நான் சத்தம் போட்டதும் அவர் அக்காவைத்தான் பார்த்தார். “அய்யோ, சேச்சிக்குத் தெரியாதா? உங்க மோன் சொல்லித்தானே அடைச்சேன்?” என்றார்.

தீபாவளிக்கு மறுநாள் மகன் வந்து பேசினானாம். இந்தக் கார்த்திகைத் தண்ணீரோடு அம்மா கிளம்பிவிடுவார், சித்திரை விஷுவுக்குள் வீட்டை உங்களுக்கே தந்துவிடுகிறேன், கானா இனித் தேவைப்படாது, இப்போதே அடைத்துக்கொள்ளுங்கள் என்று அவனே நின்று இடத்தைக் காட்டினானாம். மனிதர் பொய் சொல்கிற முகமாக இல்லை. கையைப் பிசைந்துகொண்டு, இப்பவே உடைச்சுத் தர்றேன் சேச்சி என்றார். சரி என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா திரும்பி நடந்தார்.

பெற்ற தாயைத் தண்ணீரில் நிற்கவைத்தா கிளப்புவான் ஒருத்தன், போனைப் போடுங்கள் இப்போதே என்று குதித்தேன். அக்கா காதில் வாங்கவில்லை. முக்காலி போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்தார். கிழித்த காலண்டர் தாள்களை அதில்தான் போட்டுவைப்பார், விபூதி மடிக்க ஆகும் என்று. உயரக் கட்டிலில் உட்கார்ந்து, தாள்களை மடியில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். தீபாவளிக்கு மறுநாள் தாளைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. எட்டில் இருந்திருக்க வேண்டுமே கடவுளே என்று, அறிவியல் சொல்லிக்கொடுக்கிற நானும் அந்த நிமிஷம் வேண்டிக்கொண்டேன். அவ்வளவு நாளும் மனுசங்களைத் திட்டுங்கள் திட்டுங்கள் என்று சொன்னவள் நான்தான்.

தாள் கிடைத்தது. கண்ணாடியை ஏற்றி அடியில் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு அதை மட்டும் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு டீச்சரே, நீ போயிட்டு வா என்றார். நான் போகவில்லை. பின்னால் சம்மட்டிச் சத்தம் கேட்டது. மத்தியானத்துக்குள் அடுக்களை வடிந்துவிட்டது.

சாயங்காலம், ஹோம்ஸ்டேக்காரர் சொல்லியிருப்பார் போல, ஞாயிறாக இல்லாவிட்டாலும் மகன் போன் வந்தது. காது மந்தம் என்பதால் அக்கா எப்போதும் ஸ்பீக்கரில்தான் வைப்பார். நான் தரையை உப்பு போகக் கழுவிக்கொண்டிருந்தேன். உன் நல்லதுக்குத்தாம்மா, வேற எப்படிச் சொன்னாலும் நீ கேக்கலையேம்மா என்று அவன் அழுதான். நடிப்பில்லை. தெரியும் தெரியும் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அதுவே ஆத்திரமாக இருந்தது. அன்னைக்கு எனக்கு என்னமோ புத்தி கெட்டுப்போச்சும்மா, உன் காலண்டர்ல பாரு, எனக்குச் சந்திராஷ்டமமாத்தான் இருந்திருக்கும் என்றான்.

அக்கா தலையணைக்குக் கீழிருந்து தாளை எடுத்தார். படிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டார்.

“பார்த்துட்டேன்பா. அன்னைக்குச் சந்திரன் உன் ராசியிலயே நல்லாத்தான் இருந்தான். சந்திராஷ்டமம் என் ரேவதிக்கு.”

“இந்த ஜனவரிக்குக் காலண்டர் கொண்டுவர வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. பிறகு என்னிடம் துடைப்பத்தை வாங்கிக்கொண்டு, நீ உட்காரு, உன் இடுப்பு தாங்காது என்றார்.

அதன்பிறகு அவர் வாயில் சந்திரன் வரவில்லை. மீன்காரி செதிலை ஊற்றினால், இவ இப்படித்தான் என்பார். அவ்வளவுதான். நான் இத்தனை வருஷம் கேட்டது அதைத்தான். இப்போது கத்தாமல் வாளித் தண்ணீர் எடுத்துவந்தது நான். அடுத்த வாவுக்குத் தண்ணீர் வந்தது, மத்தியானத்தில் போய்விட்டது. அரிசி டப்பாவை ஏற்றினோம், இறக்கினோம்.

ஜனவரியில் மகன் வந்தான். சந்து முனையில் காலைத் தண்ணீர் வடியாமல் நின்றது. பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். மற்ற கையில் காலண்டர் இல்லை, ஒன்றும் இல்லை. இவனை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று ஒரு மாசமாக மனசுக்குள் வைத்திருந்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் தலை பாதி நரைத்திருந்தது. அம்மா பேசுவாங்களா டீச்சர் என்று கேட்டான்.

“இன்னைக்கு அக்காவுக்குச் சந்திராஷ்டமம்பா. மனசுல வச்சுக்காதே” என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

அவன் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ரெண்டேகால் நாள்தானே டீச்சர்?”

ஆமாம்பா என்று சொல்லிவிட்டு நான் என் வீட்டுக்குள் வந்துவிட்டேன்.